ஃபெனியை ஏன் இரண்டு முறை காய்ச்சுகிறார்கள்?

முந்திரிப்பழச் சாற்றைப் புளிக்கவைத்துக் கோவாவில் காய்ச்சும் மதுதான் ஃபெனி. அங்கே சென்று வந்த வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஆல்கஹாலின் கொதிநிலை 78 டிகிரி, தண்ணீருடையது 100 டிகிரி என்று பள்ளியில் படித்தோம். அப்படியானால் முந்திரிப்பழ ஊறலை ஒரு முறை காய்ச்சினாலே ஆல்கஹால் முழுவதும் தனியே பிரிந்துவிடாதா?”

கோடையில் கோவாவின் முந்திரித் தோப்புகளில், தானாக உதிர்ந்த பழங்களைக் குடும்பத்தார் பொறுக்கி, கொட்டையைத் திருகி எடுத்துவிட்டு, கல்தொட்டியில் காலால் மிதித்துச் சாறெடுப்பது பழைய வழக்கம். ஈஸ்ட் எதையும் வெளியிலிருந்து சேர்ப்பதில்லை. பழத்தோடு வரும் ஈஸ்ட்டே சில நாட்களில் சாற்றைப் புளிக்க வைத்துவிடும். சர்க்கரையின் எடையில் ஏறக்குறைய பாதிதான் ஆல்கஹாலாக மாறும், மீதி கரியமில வாயுவாக வெளியேறிவிடும் என்பதால், நூற்றுக்குப் பத்துப் பங்கு சர்க்கரையுள்ள சாறு ஐந்து பங்கு ஆல்கஹால் கொண்ட ஊறலாகிறது.

இனி வாசகரின் கேள்விக்கு வருகிறேன். ஆல்கஹாலும் தண்ணீரும் கலந்த பிறகு இரண்டு திரவங்களாக நடந்துகொள்வதில்லை. ஒரே கலவையாகவே கொதிக்கின்றன. ஐந்து சதவீத ஊறல் 78 டிகிரியில் கொதிப்பதே இல்லை. ஏறத்தாழ 95 டிகிரியில்தான் கொதிக்கத் தொடங்குகிறது. அப்போது எழும் ஆவியில் ஆல்கஹாலும் இருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது. ஆனால் அந்த ஆவியின் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஆல்கஹால்! திரவத்தில் இருபதில் ஒரு பங்காக இருந்தது ஆவியில் இவ்வளவு பெருகுவது எப்படி?

எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு அலுக்காத இடம் இது. தண்ணீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்டிருப்பவை. ஆல்கஹால் மூலக்கூறின் ஒரு முனை அந்தப் பிணைப்பில் சேர்ந்துகொள்ளும். கார்பன் அணுக்களாலான மறுமுனையால் சேர முடியாது. ஆகவே சுற்றிலும் தண்ணீரே சூழ்ந்திருக்கும்போது ஆல்கஹால், தன் இனத்தோடு இருக்கையில் தப்புவதைவிட எளிதாக ஆவிக்குத் தப்பிவிடுகிறது. ஊறல் எவ்வளவு நீர்த்திருக்கிறதோ அவ்வளவு வேகமாகத் தண்ணீர் அதை வெளியே தள்ளுகிறது.

இப்படிப் போகப் போகப் பானையில் ஆல்கஹால் குறைந்து, ஆவியும் நீர்த்துக்கொண்டே வரும். முதலில் வடிந்த செறிவானதும் பின்னால் வடிந்த நீர்த்ததும் ஒரே பாத்திரத்தில் சேர்வதால், முதல் வடிப்பான ‘ஊராக்’ சுமார் 15 சதவீதத்தில் நின்றுவிடுகிறது. அதைப் புதிய ஊறலுடன் கலந்து மறுபடி காய்ச்சும்போது, தொடக்கத் திரவமே செறிவாக இருப்பதால், 42 சதவீதத்துக்குக் குறையாத ஃபெனி கிடைக்கிறது. 2009இல் புவிசார் குறியீடு பெற்றது இதுதான். எத்தனை முறை காய்ச்சினாலும் எடையில் 95.6 சதவீதத்தைத் தாண்ட முடியாது. அந்த அளவில் ஆவியின் சேர்க்கையும் திரவத்தின் சேர்க்கையும் ஒன்றாகிவிடுகின்றன.

பண்ருட்டிப் பக்கம் இதே பழம், கொட்டையைப் பறித்தபின், பெரும்பாலும் மரத்தடியிலேயே அழுகுகிறது. மது வேண்டாமென்றால் பழரசம், காடி, ஜாம் என்று வேறு வழிகள் உண்டு. உதிர்ந்த ஓரிரு நாளில் கெட்டுவிடும் இப்பழத்தைக் காக்கும் முறைகளுக்கு, கொட்டைக்காகச் செலவிடப்படும் ஆராய்ச்சிப் பணத்தில் ஒரு பங்கையாவது ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.