"இன்னும் ரெண்டு வாரம் ஸ்லிங் போட்டா நல்லா இறுகிடுமா, டாக்டர்?"

கேட்டவன், கால்பந்தில் கோல்கீப்பராக நிற்கும் பதினெட்டு வயதுப் பையன். தோள் மூட்டு முதல் முறை நழுவியதும், கையைக் கழுத்திலிருந்து தொங்கவிடும் துணிக்கட்டான ஸ்லிங்கை ஆறு வாரம் கழற்றவே இல்லை. ஐந்தாம் மாதம் பந்துக்குப் பாய்ந்தான், மறுபடியும் நழுவிவிட்டது. "ஒழுங்கா போட்டிருந்தா இப்படி ஆகியிருக்குமா?" என்று அப்பா என் முன்னாலேயே திட்டினார். பாவம், அவன்மேல் தப்பே இல்லை.

தோள் மூட்டில் கையெலும்பின் பந்து போன்ற முனை பெரியது, அது உட்காரும் குழியோ ஆழமில்லாதது. குழியின் விளிம்பைச் சுற்றியிருக்கும் குருத்தெலும்பு வளையம்தான் அதைக் கொஞ்சம் ஆழமாக்குகிறது. தோள் பெரும்பாலும் முன்பக்கமாகத்தான் நழுவும். அப்போது இளவயதினருக்கு முன்கீழ் விளிம்பில் அந்தக் குருத்து, மூட்டைக் கட்டிப் பிடிக்கும் நாரோடு சேர்ந்து எலும்பைவிட்டுப் பிய்ந்துவிடுவது சகஜம். பாங்கர்ட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் 1923-லேயே இதைப் பற்றி எழுதினார். மூட்டை உள்ளே தள்ளிப் பொருத்திவிட்டாலும், பிய்ந்தது பழைய இடத்தில் போய் ஒட்டும் என்று சொல்ல முடியாது.

அப்படியானால் கையை வயிற்றோடு சேர்த்துக் கட்டாமல் வெளிப்பக்கம் திருப்பி வைத்தால்? ஜப்பானில் எய்ஜி இதோய் குழுவினர் எம்.ஆர்.ஐ.யில் பார்த்தபோது, அந்த நிலையில் குருத்து எலும்போடு நெருங்கி நின்றது. 2007-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் சாதாரண ஸ்லிங் போட்டவர்களில் 42 சதவீதத்தினருக்கும், கையை வெளிப்பக்கம் திருப்பிப் பிடிக்கும் பிரேஸ் என்ற தாங்கி போட்டவர்களில் 26 சதவீதத்தினருக்கும் தோள் மறுபடி நழுவியது. எனக்கும் ஆசை வந்தது, சில காலம் கொடுத்துப் பார்த்தேன். கதவில் இடிக்கிறது, தூங்க முடியவில்லை என்று பலர் மூன்றாம் நாளே கழற்றிவிட்டார்கள். பின்னால் வேறு நாடுகளில் நடந்த சோதனைகளிலும் அந்த அளவு பலன் தெரியவில்லை. இப்போது நான் சாதாரண ஸ்லிங்தான் தருகிறேன்.

எத்தனை நாள்? வலி அடங்கும்வரை, அதாவது ஒன்றிலிருந்து மூன்று வாரம். முப்பது வயதுக்குள் இருப்பவர்களில் ஒரு வாரம் போட்டவர்களுக்கும் அதைவிட நீண்ட நாள் போட்டவர்களுக்கும் மறுபடி நழுவுவதில் தெளிவான வித்தியாசம் காணப்படவில்லை. எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிற கணக்கு இங்கே செல்லாது.

ஸ்லிங்கில் இருக்கும்போதே விரல், மணிக்கட்டு, முழங்கையை அசைத்துக்கொண்டிருங்கள். குளிக்கும்போது கழற்றலாம், முன்னால் குனிந்து கையைத் தொங்கவிட்டு அக்குளைக் கழுவுங்கள், இல்லாவிட்டால் புண்ணாகிவிடும். மல்லாந்து படுத்தால் முழங்கைக்கு அடியில் சின்னத் தலையணை வையுங்கள். பந்தெறிவதுபோல் கையைத் தூக்கி வெளியே திருப்புவது மட்டும் கூடவே கூடாது. தோளின் வெளிப்பக்கம் மரத்துப்போயிருந்தால் உடனே சொல்லுங்கள், நரம்பு அடிபட்டிருக்கலாம்.

ஸ்லிங்கைக் கழற்றியதும் பிசியோதெரபி. முதலில் அசைவு, பிறகு பந்தைக் குழிக்குள் இழுத்துப் பிடிக்கும் தசைகளுக்கும் தோள்பட்டை எலும்பைச் சுற்றியுள்ள தசைகளுக்கும் பலம். வலி போய்விட்டது என்பதை வைத்து மைதானத்துக்கு அனுப்ப மாட்டேன். அசைவும் பலமும் மறு கைக்கு ஈடாக வர வேண்டும், அதற்குச் சில மாதங்கள் பிடிக்கும். இருபது வயதுக்குக் கீழே, மோதி விளையாடும் ஆட்டம் என்றால் இத்தனையும் செய்தும் நழுவலாம். அவர்களிடம் முதல் முறையிலேயே எம்.ஆர்.ஐ. பற்றியும், நுண்துளை வழியாகக் குருத்தைத் தைக்கும் அறுவை சிகிச்சை பற்றியும் பேசிவிடுகிறேன்.

அந்தப் பையனுக்கு இப்போது தையல் போட்டாயிற்று. மறுபடி ஸ்லிங்தான், ஆனால் இந்த முறை தைத்த இடம் ஒட்டுவதற்காக. அப்பா அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை, நாட்களை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறார்.