ஓதமும் பாரமும்: ஒரு பழைய வீடு ஊருக்கு வாசல் திறக்கும்போது

புதுச்சேரியில் பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே நடந்தால், பழைய தமிழ் வீடுகள் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கின்றன. தெருவை ஒட்டி மரத்தூண் தாங்கும் தாழ்வாரம், அதன் உள்ளே திண்ணை, கனத்த கதவு, நடுவில் முற்றம், கடைசியில் கொல்லை. வசதி வந்து மாடி எடுத்தவர்கள் மாடியை மட்டும் பிரெஞ்சுக்காரர் வீட்டைப் பார்த்துக் கட்டினார்கள். கீழே தமிழ், மேலே பிரெஞ்சு என்ற அந்தக் கலப்பைக் காப்பாற்ற, 2000-களின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு, மரபுக் கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பு வைசியாள் வீதியில் வீடு வீடாக முகப்புகளைச் சீரமைத்தது. 2008-ல் அதற்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதும் கிடைத்தது.

முகப்பைச் சீரமைப்பது ஒரு வேலை. வீட்டையே ஊருக்குப் பொதுவாக்குவது வேறு வேலை. 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியின் ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதி வீடும், பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசன் வீடும் இன்று அருங்காட்சியகங்கள். ஒரு குடும்பம் புழங்கிய கூடத்தில் இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக நுழைகிறார்கள். இப்படி ஒரு வீட்டை வாசகசாலையாகவோ நடன வகுப்பாகவோ கூட்டம் நடத்தும் இடமாகவோ மாற்ற நினைப்பவர்கள் முதலில் பேசுவது பெயிண்ட் நிறத்தைத்தான். அதைக் கடைசியில் பேசிக்கொள்ளலாம். சுவருக்குள் தண்ணீர் எந்த வழியில் போகிறது, மேல்தளம் எவ்வளவு பாரம் தாங்கும் என்ற இரண்டுக்கும் விடை தெரியாமல் கொத்தனாரைக் கூப்பிடக் கூடாது.

முதலில் தண்ணீர். பழைய வீட்டு அஸ்திவாரத்துக்கும் சுவருக்கும் இடையே ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு கிடையாது. செங்கல்லிலும் சாந்திலும் உள்ள மயிரிழைத் துளைகள் வழியாக நிலத்தடி ஈரம் மேலே ஏறும். இதைத்தான் ஓதம் என்கிறோம். ஏறிய ஈரம் சுண்ணாம்புப் பூச்சின் வழியே காற்றில் ஆவியாகிப் போகும். ஏறுவதும் ஆவியாவதும் சமமாகும் உயரத்தில் ஓதம் நின்றுவிடும். பெரும்பாலும் இரண்டு மூன்று அடி. நூறு வருஷம் அந்தச் சுவர் கெடாமல் நின்றதற்கு இந்தக் கணக்குதான் காரணம். ஈரம் வராமல் இல்லை, வந்த ஈரம் வெளியே போனது.

பிறகு யாரோ ஒருவர் அடிச்சுவரில் காறை பெயர்வதைப் பார்த்து, "சிமெண்ட் பூசிவிடலாம்" என்றார். சிமெண்ட் பூச்சு வழியாக ஆவி எளிதில் போகாது. கீழே வழி அடைபட்டதால் ஈரம் பூச்சுக்குப் பின்னாலேயே ஏறி, பூச்சு முடியும் இடத்துக்கு மேலே வெளிவரும். மூன்றடியில் இருந்த கறை ஐந்தடிக்குப் போகும். வீட்டுக்காரர் அங்கேயும் சிமெண்ட் பூசுவார். ஒழுங்காக நின்ற வீடுகளை நோயாளி ஆக்கியதில் மழையைவிட இந்தச் சங்கிலிக்கே பங்கு அதிகம் என்பது என் கணிப்பு.

ஈரம் தனியாக வருவதில்லை, உப்பைக் கரைத்துக் கொண்டுவருகிறது. கடலோர ஊரில் நிலத்திலும் காற்றிலும் சாப்பாட்டு உப்பு, அதாவது சோடியம் குளோரைடு, தாராளம். அதற்கு ஒரு குணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். அதற்குக் கீழே இறங்கினால் மறுபடி படிகமாகும். கடற்கரை ஊரில் பல நாட்கள் இரவில் ஈரப்பதம் அந்தக் கோட்டுக்கு மேலே, பிற்பகலில் கீழே. ஆக, செங்கல்லின் துளைக்குள் உப்பு இரவில் கரைகிறது, பகலில் படிகமாகிறது. படிகம் வளரும்போது துளையின் சுவரை நெட்டித் தள்ளும். அந்த அழுத்தம் நாட்டுச் செங்கல்லின் வலிமையைவிட அதிகம். தினம் ஒரு சுற்று வீதம் சில வருஷம் போனால் செங்கல் பொடிப்பொடியாக உதிரும்.

ஆவியாகும் இடத்தில்தான் படிகம் உண்டாகும் என்பதே இதில் முக்கியம். சுண்ணாம்புப் பூச்சு இருந்தால் உப்பு அதன் மேல்பரப்பில் வெள்ளையாகப் பூக்கும். துடைப்பத்தால் தட்டிவிடலாம், பூச்சு கெட்டால் மாற்றிப் பூசலாம். மேலே சிமெண்டோ பிளாஸ்டிக் பெயிண்டோ இருந்தால் உப்பு அதற்குப் பின்னால், செங்கல்லிலேயே படிகமாகும். வெளியே வழவழப்பான சுவர், உள்ளே மாவு. சீரமைப்பவர்கள் சுவரைத் தட்டித் தட்டிக் கேட்பது இதற்காகத்தான். சத்தம் பொக்கென்று வந்தால் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, ஈரக் களிமண்ணும் காகிதக்கூழும் கலந்து அப்பி, அது காயும்போது உப்பை உறிஞ்சிக்கொள்ள விடுவார்கள். ஒரே தடவையில் தீராது. உறிஞ்சிய அப்பலை உரித்து எறிந்து மறுபடி அப்ப வேண்டும்.

கொத்தி எடுத்த இடத்தில் திரும்பப் பூச வேண்டியது சுண்ணாம்புச் சாந்து. கிளிஞ்சலோ சுண்ணாம்புக் கல்லோ, இரண்டும் கால்சியம் கார்பனேட்தான். காளவாயில் ஏறக்குறைய 900 டிகிரியில் சுட்டால் 100 கிலோவில் 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும். மிச்சம் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு. தண்ணீர் ஊற்றினால் கொதித்துப் பொங்கி நீறும். அதைக் குழியில் தண்ணீருக்கு அடியில் ஊறப்போட்டால் நாளாக ஆகத் துகள்கள் நுண்மையாகி, வெண்ணெய் போல ஆகும். மணலோடு அரைத்துச் சுவரில் பூசியதும் எதிர்ப்பயணம் தொடங்குகிறது. காளவாயில் போன அதே வாயுவைச் சுண்ணாம்பு காற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வாங்கி மறுபடி கல்லாகிறது.

இந்தப் பயணம் மெதுவானது, வெளியிலிருந்து உள்நோக்கி நகர்வது. தடித்த சுவரின் நடுப்பகுதி பல ஆண்டுகளுக்குப் பிறகும் முழுதாகக் கல்லாகியிருக்காது. உடைத்த சாந்துத் துண்டின் மீது பினால்ப்தலீன் கரைசலைத் தெளித்தால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். காரம் மிச்சமுள்ள இடம் அடர் இளஞ்சிவப்பாகும், கல்லாகி முடிந்த இடத்தில் நிறம் வராது. பள்ளி ஆய்வுக்கூடத்தில் கிடைக்கும் இந்தத் திரவம் ஒரு சுவரின் வயிற்றையே காட்டிவிடுகிறது. இன்னொரு துண்டை அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு நுரைத்துக் கரைந்துவிடும், மணல் அடியில் தங்கும். எடைபோட்டுப் பார்த்தால் அந்தக் காலக் கொத்தனார் எத்தனை பங்கு மணல் சேர்த்தார் என்பது தெரியும். செங்கல் பொடி கலந்திருந்தால் அதுவும் மணலோடு மிஞ்சும்.

செங்கல் பொடி சும்மா சேர்த்ததில்லை. நன்றாகச் சுடாத செங்கல்லில் உள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு வினைபுரிந்து, சிமெண்டில் உண்டாவதைப் போன்ற பிணைப்புப் பொருளைத் தருகின்றன. காற்று படாத ஆழத்திலும், ஈரத்திலும் சாந்து இறுகுவது அதனால்தான். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர், மேல்பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு என்ற சரக்குகளைப் பற்றி ஊரில் நிறையக் கதை உண்டு. கதையைக் கழித்துப் பார்த்தாலும் காரியம் இருக்கிறது. சர்க்கரைப் பொருள் சாந்து இறுகுவதைத் தாமதப்படுத்தி, குறைந்த தண்ணீரிலேயே இழைய வைக்கிறது. வெள்ளைக்கருவின் புரதம் மேல்பூச்சில் நுண்ணிய படிகங்களை நெருக்கமாகச் சேர்க்கிறது. அதன்மேல் வழவழப்பான கல்லைக் கொண்டு தேய்த்தால் பளிங்கு மினுக்கு. வெள்ளைக்காரர்கள் 'மெட்ராஸ் சுண்ணாம்பு' என்று வியந்து எழுதியது கிளிஞ்சல் சுண்ணாம்பில் செய்த இந்தப் பூச்சைத்தான்.

இனி பாரம். பொதுக்கட்டடமாக மாற்றும்போது நிஜமாகவே ஆபத்து இருக்கும் இடம் இது.

வீட்டு அறையில் ஒரு சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவில் பாரம் வரும் என்று வைத்துத் தளம் வடிவமைக்கச் சொல்கிறது இந்தியத் தர விதி. நாற்காலி பொருத்தாத கூட்ட அரங்கு என்றால் 500 கிலோ. இருபது சதுர மீட்டர் மாடிக் கூடத்துக்குக் கணக்குப் போட்டால் நான்கு டன் என்பது பத்து டன்னாகிறது. சுவரும் மாறவில்லை, உத்திரமும் மாறவில்லை. வாசலில் தொங்கும் பலகை மட்டும் மாறியது.

அந்தத் தளம் பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளை வரிசையாக வைத்து, அவற்றின் மேல் ஒரு அங்குலத் தடிப்புள்ள சின்னச் செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்தி, மூலைவிட்டமாக வரிசை வரிசையாகச் சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டிக்கொண்டே போவார்கள். மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காய்த் தண்ணீர் தெளித்து, ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். மொட்டை மாடி என்றால் அதன் மேல் தட்டையான ஓடு பதிப்பார்கள். அடி நின்றுவிட்டால் உள்ளே காற்றுத் துளை தங்கி ஒழுகும். இந்த வேலையில் கஞ்சத்தனம் செய்ய முடியாது.

ஒழுகத் தொடங்கியதும் அடுத்த தலைமுறை பழையதை எடுக்காமல் மேலேயே இன்னொரு அடுக்குப் போட்டது. அதற்கடுத்த தலைமுறை அதன் மேல் சிமெண்ட். பத்து சென்டிமீட்டர் சுண்ணாம்பு ஜல்லி அடுக்கு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 190 கிலோ. ஒரே ஒரு ரிப்பேர் அடுக்கு, ஒரு வீட்டுக் கூட்டத்தையே நிரந்தரமாக மாடியில் உட்கார வைத்ததற்குச் சமம். அதனால் சீரமைப்பின் முதல் வேலை பல இடங்களில் சேர்ப்பதாக இல்லாமல் இறக்குவதாக இருக்கிறது.

கட்டைகளைப் பொறுத்தவரை நடுவில் பார்ப்பவர்கள் அதிகம். கெடுவது சுவருக்குள் புதைந்த முனை. ஓதம் தேங்கிய சுவரில் காற்றோட்டமில்லாமல் கிடக்கும் அந்த ஒரு சாண் மரத்தைத்தான் பூஞ்சையும் கறையானும் முதலில் தேடிவரும். சுத்தியலால் தட்டி, ஊசிக்கம்பியால் குத்தி, சந்தேகம் இருந்தால் மெல்லிய துரப்பணத்தைச் செலுத்தி அது சந்திக்கும் தடையை அளந்து பார்ப்பார்கள். முனை மட்டும் கெட்டிருந்தால் அதை வெட்டிவிட்டுப் புது மரத்தையோ இரும்புத் தகட்டையோ இணைத்துக் கொடுக்கலாம். முழுக்கட்டையையும் மாற்றத் தேவையில்லை.

கட்டை நல்லதாக இருந்து பாரம் மட்டும் கூடுகிறது என்றால், கணிதம் நமக்குத் துணை வருகிறது. சீராகப் பரவிய பாரத்தில் கட்டை வளையும் அளவு அதன் நீளத்தின் நான்காம் படியைப் பொறுத்தது. கூடத்தின் குறுக்கே, கட்டைகளின் நடுவில், ஒரே ஒரு இரும்பு உத்திரத்தைத் தூண் கொடுத்து நிறுத்தினால் நீளம் பாதியாகிறது, வளைவு பதினாறில் ஒரு பங்காகிறது. "பழமைக்கு இரும்பு ஒவ்வாது" என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தெரிகிற மாதிரி வைத்த, வேண்டாமென்றால் கழற்றிவிடக்கூடிய இரும்பு, சுவரில் பூசிய சிமெண்டைவிட எவ்வளவோ மரியாதையானது.

எதை எங்கே வைப்பது என்பதிலேயே பாதிப் பிரச்சினை தீரும். "கீழே கூட்டம், மேலே அமைதியாக நூலகம்" என்பது எல்லோருக்கும் தோன்றும் யோசனை. பாரக் கணக்கில் அது தலைகீழ். புத்தக அலமாரி அறைக்கு விதி கேட்பது 600 கிலோ, கூட்டத்தைவிட அதிகம். மனிதர்கள் எழுந்து போவார்கள், புத்தகம் அங்கேயே இருக்கும். இடைவிடாத பாரத்தில் மரம் வருஷம் வருஷமாகத் தொய்யும். அலமாரிகள் தரைத்தளத்துக்கு. பரதநாட்டிய வகுப்பும் தரைக்குத்தான். இருபது பிள்ளைகள் ஒரே தாளத்தில் தட்டடவு மிதித்தால், அவர்கள் சும்மா நிற்கும் எடையைவிடப் பல மடங்கு விசை தளத்தில் விழும்; தாளம் மரத்தளத்தின் இயல்பான அதிர்வோடு ஒத்துவிட்டால் ஆட்டம் கூடிக்கொண்டே போகும். மாடிக்கு ஓவிய வகுப்பு, அலுவலக மேசை, பத்துப்பேர் பேசும் அறை.

கூட்டத்துக்கு இடம் போதவில்லை என்றதும் அடுத்து எல்லோர் கண்ணும் போவது முற்றத்தின் மீது. மேலே பாலிகார்பனேட் ஷீட் போட்டு மூடினால் ஒரு ஹால் கிடைத்துவிடும் அல்லவா? செய்து பார்த்த இடங்களில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறார். ஐம்பது பேர் சேர்ந்தால் ஆயிரம் வாட் ஹீட்டர் ஐந்து. அந்தச் சூடான காற்று எழும்பி முற்றத்தின் வழியே போவதால்தான் தெருவிலிருந்து தாழ்வாரத்தைக் கடந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. மூடினால் இரண்டும் நிற்கும். சுண்ணாம்புச் சுவரும் கல் தரையும் ஒலியை அப்படியே திருப்பி அனுப்பும், அதை விழுங்கிக்கொண்டிருந்தது திறந்த வானம் மட்டுமே. மூடிய முற்றத்தில் பேச்சாளரின் ஒரு வாக்கியம் அடுத்த வாக்கியத்தின் மேல் ஏறும். மழைக்கு வேண்டுமானால் இழுத்து மூடும் துணிப்பந்தல் போதும்.

கழிப்பறை கொல்லையில் தனிக் கட்டடமாக இருக்கட்டும், பழைய சுவருக்குள் குழாய் புதைக்க வேண்டாம். மின்கம்பியும் சுவரைக் கொத்தாமல் வெளியே குழாயில் ஓடட்டும். உள்பக்கம் திறக்கும் பழைய தலைவாசல் கதவைக் கூட்டம் நடக்கும் நேரமெல்லாம் விரியத் திறந்து கொக்கி போட்டுவிட வேண்டும். நெரிசலில் உள்ளேயிருந்து தள்ளுகிறவர்களால் அதைத் திறக்கவே முடியாது. கொல்லைப்பக்கம் இரண்டாவது வழியும் கட்டாயம்.

திறப்பதற்கு முன்னால் மாடியைச் சோதிக்க வேண்டும். மணல் மூட்டையோ தண்ணீர்த் தொட்டியோ வைத்து, அடியிலிருந்து வளைவை மில்லிமீட்டரில் அளந்து, ஒரு நாள் வைத்திருந்து இறக்கிவிட்டு, தளம் எவ்வளவு திரும்பி வருகிறது என்று பார்ப்பார்கள். திரும்பி வராத பங்குதான் கவலைப்பட வேண்டியது.

அவசரப்படுத்துவது பெரும்பாலும் நிதியாண்டு. பணத்தை மார்ச் 31-க்குள் செலவழிக்க வேண்டும், திறப்பு விழா தேதி குறித்தாயிற்று, பூச்சு இன்னும் ஈரம். அந்த நேரத்தில் ஒப்பந்தக்காரர் எமல்ஷன் என்ற பிளாஸ்டிக் பெயிண்ட் டப்பாவோடு வருவார். படலம் போட்டு மூடிவிட்டால் கரியமில வாயு உள்ளே போவதும் ஆவி வெளியே வருவதும் தடைபடும். பூச்சு இறுகாமல் சொதசொதவென்று நிற்கும், இரண்டு மழைக்காலத்தில் பெயின்ட் கொப்புளமாகும். அதற்குப் பதில் நீர்த்த சுண்ணாம்பையே மூன்று நான்கு தடவை மெல்லிசாக அடிக்கலாம், நிறம் வேண்டுமென்றால் காவி சேர்க்கலாம். விழாவுக்கு வந்தவர்களின் சட்டையில் கொஞ்சம் ஒட்டும்தான். அழைப்பிதழிலேயே சுவரில் சாய வேண்டாம் என்று ஒரு வரி போட்டுவிடலாம்.