உயரத்து ஜன்னலுக்கு வினைல்: சதுர அடி ரேட் கேட்பதற்கு முன்னால்

கண்ணாடியில் வினைல், அதாவது படம் அச்சடித்த பிளாஸ்டிக் ஸ்டிக்கர் ஷீட், ஒட்டுவது எங்கள் வேலை. போனை எடுத்ததும் வருகிற முதல் கேள்வி, "வினைல் ஒட்ட சதுர அடி என்ன ரேட்?" தரைத்தளத்தில் கைக்கு எட்டுகிற நேரான கண்ணாடி என்றால் உடனே சொல்லிவிடலாம். மூன்றாவது மாடியில், தலைப்பகுதி வளைந்த ஆர்ச் ஜன்னல், படிக்கட்டோடு சரிந்து ஏறும் முக்கோணக் கண்ணாடி என்றால் சதுர அடிக் கணக்கு எதற்கும் உதவாது. அளவு எப்படி எடுக்கிறோம், அது என்ன கண்ணாடி, ஆள் எப்படி ஏறப்போகிறார் என்பதில்தான் பாதிக்கு மேல் வேலை இருக்கிறது. பேரம் பேசி ரேட்டைக் குறைத்தால் முதலில் அடிபடுவதும் இந்த மூன்றும்தான்.

பிளானில் இருக்கிற அளவை நம்பி பிரிண்ட் போடவே கூடாது. பழைய கட்டடங்களின் ஆர்ச்சுகள் கொத்தனார் கையால் வளைத்தவை, ஒரே வரிசையில் நான்கு ஜன்னல் இருந்தால் நான்கும் நான்கு விதமாக இருக்கும், ஒரே ஆர்ச்சில்கூட இடது வளைவும் வலது வளைவும் அரை அங்குலம் மாறும். அதனால் பிரவுன் பேப்பரை மாஸ்கிங் டேப்பால் கண்ணாடியில் ஒட்டி, ஃப்ரேம் ஓரத்தை நகத்தால் அழுத்தி மடித்து, அந்த மடிப்பின் மேல் பென்சிலால் கோடு போட்டு, எந்த ஜன்னல், மேல்பக்கம் எது, உள்ளிருந்து எடுத்ததா வெளியிலிருந்து எடுத்ததா என்று அந்தப் பேப்பரிலேயே எழுதிவிடுவோம். கடைசியாகச் சொன்னதை எழுத மறந்தால் இடம் வலமாகி, முழு ஷீட்டும் குப்பைக்குத்தான் போகும். பிரிண்டில் நான்கு பக்கமும் இரண்டு அங்குலம் கூடுதலாகப் படம் விட்டு, ஒட்டிய பிறகு அங்கேயே வெட்டிக்கொள்வோம். டிசைனர்கள் தயவுசெய்து முகத்தையும் போன் நம்பரையும் ஓரத்திலும் இரண்டு ஷீட் சேரும் இடத்திலும் வைக்காதீர்கள்.

அடுத்தது கண்ணாடி. பலருக்கும் தெரியாத விஷயம் இது: வினைல் ஒட்டியதாலேயே கண்ணாடி விரிசல் விடக்கூடும். அடர்ந்த நிறப் படம் வெயிலை உறிஞ்சுவதால் நடுப்பகுதி சூடாகி விரியப் பார்க்கும், ஃப்ரேமுக்குள் புதைந்த ஓரம் அவ்வளவு சூடாகாது, அந்த இழுவையில் ஓரத்திலிருந்து விரிசல் கிளம்பிவிடும். யாரோ கல் எறிந்துவிட்டார்கள் என்று வாட்ச்மேனைத் திட்டுவார்கள். டஃபன்ட் கண்ணாடி, அதாவது சூடாக்கிக் குளிரவைத்து உறுதியாக்கிய கண்ணாடி, இந்தச் சூட்டைத் தாங்கும், பெரும்பாலும் அதன் மூலையில் சின்ன முத்திரை இருக்கும். சாதாக் கண்ணாடி, அதுவும் கூர்மையான மூலையோ வெட்டுக்குழியோ உள்ள வடிவம் என்றால், வெட்டும்போது ஓரத்தில் விழுந்த சின்னச் சில்லுகூட விரிசல் கிளம்பப் போதும். பாதிக் கண்ணாடியில் மட்டும் கறுப்பாக ஒட்டுவது, உள்ளே ஏசி காற்று நேராகக் கண்ணாடியில் படுவது, இரண்டும் ஆபத்தைக் கூட்டும். அங்கே வெளிர் நிறப் படமாக மாற்றச் சொல்லுங்கள். இரட்டைக் கண்ணாடி (நடுவில் இடைவெளி விட்டு மூடிய இரண்டு கண்ணாடி) என்றால் கண்ணாடி போட்ட கம்பெனியிடம் கேட்காமல் கை வைக்கவே வேண்டாம்.

இனி ஏறுவது. அதற்கு முன்னால், ஏறத்தான் வேண்டுமா? டின்ட்டும் ரிஃப்ளெக்டிவ் பூச்சும் இல்லாத தெளிவான கண்ணாடி என்றால், ட்ரான்ஸ்பரன்ட் வினைலில் படத்தைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பி அடித்து, பின்னால் வெள்ளை மை கொடுத்து, உள்ளே இருந்தே ஒட்டிவிடலாம். சாரமும் வேண்டாம், மழையும் படாது. வெளியில்தான் ஒட்டவேண்டும் என்றால் சாரம், பூம் லிஃப்ட் (ஆளைத் தொட்டியில் நிற்க வைத்துத் தூக்கும் வண்டி), கயிறு, எதுவானாலும் அதன் செலவைக் கொட்டேஷனில் தனி வரியாகப் போடச் சொல்லுங்கள். கயிற்றில் இறங்குபவருக்குத் தொங்கும் கயிறு ஒன்று, அது அறுந்தால் பிடிக்கும் கயிறு இன்னொன்று, இரண்டும் வெவ்வேறு இடத்தில் கட்டியிருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 3521 தரமுள்ள, தோள், மார்பு, தொடையைச் சுற்றிப் பிடிக்கும் முழு உடல் ஹார்னஸ் வேண்டும், இடுப்பு பெல்ட் மட்டும் போதாது. தண்ணீர்க் குழாயிலும் ஏசி ஸ்டாண்டிலும் கயிறு கட்டுவதைப் பார்த்தால் வேலையை நிறுத்துங்கள், அது உங்கள் கட்டடம், உங்களால் முடியும். ஜன்னலை ஒட்டி மின்கம்பி போனால் மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து லைனை நிறுத்திய பிறகுதான் ஆள் ஏற வேண்டும். "அலுமினிய ஏணிதானே, பார்த்துப் பண்ணிக்குவாங்க" என்ற பேச்சுக்கே இடமில்லை, ஒருவருடைய உயிர்.

காற்றையும் கணக்கில் எடுங்கள். கோவையில் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற காற்றில் பத்தடி ஷீட் ஒன்றைப் பிரித்தால் அது பாய்மரம்தான், மடங்கித் தன்மேலேயே ஒட்டிக்கொள்ளும், ஆளையும் இழுக்கும். அந்த மாதங்களில் விடியற்காலையில் ஆரம்பித்து, காற்று ஏறுவதற்குள் இறங்கிவிடுவது நல்லது. மற்ற நாட்களில் கிழக்குக் கண்ணாடியை மாலையிலும் மேற்குக் கண்ணாடியைக் காலையிலும் ஒட்டுவோம். சுடுகிற கண்ணாடியில் பசை தொட்டதுமே பிடித்துக்கொள்ளும், நகர்த்த முடியாது.

சாதா வினைலுக்கு ஷாம்பூ கலந்த தண்ணீர் தெளித்து ஒட்டலாம். வெளியே படமும் உள்ளிருந்து பார்வையும் கிடைக்கும்படி சின்னத் துளைகள் போட்ட ஒன் வே விஷன் வினைலுக்குக் கூடாது, துளைகளில் தண்ணீர் நிற்கும். மேல் ஷீட்டின் அடிவிளிம்பு கீழ் ஷீட்டின் மேல் ஏறி வரவேண்டும், இல்லாவிட்டால் மழை உள்ளே போகும். ஓரத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் விட்டு வெட்ட வேண்டும், ஓரத்தை அடைத்திருக்கும் சிலிக்கான் பசை மேல் வினைல் நிற்கவே நிற்காது.

ஒன் வே விஷன் பகலில்தான் மறைக்கும். இரவில் உள்ளே விளக்கு எரிந்தால் வெளியிலிருந்து எல்லாம் தெரியும். லேடீஸ் ஹாஸ்டல், ஜிம், கிளினிக் நடத்துபவர்கள் திரைச்சீலையும் போட்டே ஆக வேண்டும். திறக்கிற ஜன்னலின் சட்டத்தையும் பல்லாவையும் (திறக்கிற கதவையும்) சேர்த்து ஒரே ஷீட்டாக மூடச் சொல்லாதீர்கள், தீப்பிடித்தால் புகை வெளியேறவும் ஆள் வரவும் அந்த வழிதான் இருக்கும்.

கழற்றுவது பற்றி யாரும் கேட்பதில்லை. மலிவான வினைல் சில வருட வெயிலில் மொறுமொறுப்பாகி, நகத்தளவுத் துண்டுகளாகத்தான் வரும், பசை கண்ணாடியிலேயே தங்கிவிடும். அதற்கும் அதே உயரத்துக்கு, அதே ஏற்பாட்டோடு ஆள் ஏற வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை கண்ணாடி துடைக்கக் கயிற்றில் ஆள் இறக்குகிறீர்கள் என்றால், வினைல் உடையத் தொடங்குவதற்கு முன்பே அந்த நாளில் கழற்றிவிடச் சொல்லுங்கள், தனியாகச் சாரம் கட்டுகிற செலவு மிச்சம்.