காக்கா துரத்தாத கதை

சென்ற மாதம் ஓர் அம்மா ஆலோசனைக்கு வந்திருந்தார். மகனுக்கு நான்கு வயது, கைக்குழந்தையாகத் தத்தெடுத்த பிள்ளை. முந்தைய வாரம் தூங்கப்போகும் நேரத்தில், காக்கா கூட்டில் வளர்ந்த குயில் குஞ்சின் படக்கதையை வாசித்துக் காட்டியிருக்கிறார். கடைசிப் பக்கத்தில் குஞ்சு கூவுகிறது, காக்கா கொத்தித் துரத்துகிறது. "அப்ப ராத்திரி அது எங்கே தூங்கும்?" என்று மகன் கேட்டானாம். எந்தக் குழந்தையும் கேட்கும் கேள்விதான். தூக்கம் போனது அம்மாவுக்கு.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் கதை இயற்கைக்கே பொருந்தாதது. குயில் குஞ்சு கூட்டைவிட்டு வெளியே வந்த பிறகும் காக்கா அதற்கு இரை ஊட்டிக்கொண்டுதான் இருக்கும். ஆனி, ஆடியில் வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றால் நீங்களே பார்க்கலாம்.

இன்னொரு வகைப் புத்தகம் உண்டு: "எத்தனையோ குழந்தைகளில் உன்னைத்தான் தேர்ந்தெடுத்தோம்." கேட்க இனிப்பாக இருக்கும். ஆனால் கடையில் தேர்ந்தெடுத்த பொருளைத் திருப்பிக் கொடுக்கலாம் என்பது ஐந்து வயதுக்குத் தெரியும். அதோடு, அது உண்மையும் இல்லை. காரா (மத்திய அரசின் தத்தெடுப்பு ஆணையம்) மூலம் பதிவு செய்தவர்களுக்கு ஒரு நேரத்தில் ஒரு குழந்தையின் விவரம்தான் வரும், 48 மணி நேரத்துக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். அதற்கு முன் வருடக்கணக்கில் காத்திருப்பு. "உனக்காகக் காத்திருந்தோம்" என்றே சொல்லுங்களேன்!

நல்ல கதைக்கு நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்த் துளசித் தோட்டத்தில் பெரியாழ்வார் கண்டெடுத்து வளர்த்த பெண்தான் ஆண்டாள். திருப்பாவையின் கடைசிப் பாட்டில் அவள் தன்னைப் 'பட்டர்பிரான் கோதை' என்கிறாள், அதாவது வளர்த்த அப்பாவின் மகள். இந்தக் கதையைப் படம் வரைந்து சொன்னால் மூன்று வயதுக்கும் புரியும்.

ஆனால் ஒன்று. ஆறேழு வயதில், "என்னைப் பெத்த அம்மா ஏன் விட்டுட்டாங்க?" என்று கேள்வி வரும். 'சாமி கொடுத்த பிள்ளை' என்று மட்டும் சொல்லி வைத்திருந்தால் அங்கே மாட்டிக்கொள்வீர்கள். அதனால் பெற்றவளுக்கும் ஒரு பக்கம் உள்ள புத்தகமாகப் பாருங்கள். அவளைத் திட்டாத பக்கம்.

சரி, அந்தக் காக்கா கதை? தூக்கிப் போடவேண்டாம், கடைசிப் பக்கத்தின் மேல் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி மகனையே வரையச் சொல்லுங்கள் என்றேன். அடுத்த முறை கொண்டுவந்து காட்டினான். கூட்டில் இரண்டும் படுத்திருக்கின்றன. காக்காவின் வாயில் பாதி இட்லி.