ஓடுபாதையை விட்டு இடப்பக்கம் ஓடும் மஸ்டாங்

டிசிஎஸ் வேர்ல்டு என்னும் போர் விமானச் சிமுலேட்டரைக் கணினியில் நிறுவிக்கொள்பவருக்கு இரண்டு விமானங்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. ஒன்று, எஸ்யு-25டி என்னும் ரஷ்யத் தரைத்தாக்குதல் ஜெட். மற்றொன்று, இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க மஸ்டாங்கின் இரண்டு இருக்கைகள் கொண்ட, ஆயுதமற்ற வடிவமான டிஎஃப்-51டி. பழைய புரொப்பெல்லர் விமானம்தானே, ஜெட்டைவிட எளிதாகத்தான் இருக்கும் என்று எண்ணி இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கும் புதியவர், ஜார்ஜியா நாட்டின் கருங்கடலோரப் பதூமி ஓடுபாதையில் நின்றுகொண்டு எஞ்சின் பலத்தைக் கூட்டும் கைப்பிடியான திராட்டிலை ஒரே தள்ளாக முன்னே தள்ளுகிறார். சில நொடிகளில் விமானம் இடப்பக்கம் திரும்பிப் புல்வெளிக்குள் ஓடி, ஒரு சிறகு தரையில் உரச, கோணலாகக் கிடக்கிறது. மறுமுறையும் அதே பக்கம், அதே புல்வெளி. மூன்றாம் முறை அவர் ஜாய்ஸ்டிக் பழுதாகிவிட்டதோ என்று கம்பியைக் கழற்றி மாட்டிப் பார்க்கிறார்.

ஜாய்ஸ்டிக்கில் பழுது ஏதும் இல்லை. மஸ்டாங்கின் மூக்கில் இருப்பது ஏறத்தாழ 1,500 குதிரைத்திறன் தரும் பன்னிரண்டு உருளை மெர்லின் எஞ்சின். விமானியின் இருக்கையிலிருந்து பார்த்தால் அது தன் நான்கு அலகுப் புரொப்பெல்லரைக் கடிகார முள் சுற்றும் திசையில் சுழற்றுகிறது. அந்தச் சுழற்சியிலிருந்து நான்கு தனித்தனி விளைவுகள் பிறக்கின்றன. நான்கும் விமானத்தின் மூக்கை இடப்பக்கமே இழுக்கின்றன.

முதலாவது முறுக்குவிசை. எஞ்சின் புரொப்பெல்லரை வலப்பக்கமாகச் சுழற்றும்போது, அதன் எதிர்விசை விமானத்தின் உடலை இடப்பக்கம் சாய்க்கப் பார்க்கிறது. தரையில் நிற்கும் விமானம் சாய முடியாது என்பதால் இடச் சக்கரம் கூடுதலாக அழுந்தி, கூடுதல் உராய்வால் அந்தப் பக்கம் பிடித்து இழுக்கிறது. இரண்டாவது, புரொப்பெல்லர் பின்னே தள்ளும் காற்று. அது நேர்கோட்டில் போகாமல், உடலைச் சுற்றிச் சுருளாகப் பின்சென்று, நிமிர்ந்து நிற்கும் வாலின் இடப்பக்கத்தில் மோதுகிறது. வால் வலப்பக்கம் தள்ளப்பட, மூக்கு இடப்பக்கம் போகிறது. மூன்றாவது, மஸ்டாங் வால்சக்கரத்தில் உட்கார்ந்து மூக்கை உயர்த்தி நிற்பதால் வருவது: புரொப்பெல்லரின் தளம் சாய்ந்திருப்பதால், வலப்புறம் கீழிறங்கும் அலகு காற்றை அதிகமாகக் கவ்வுகிறது, இடப்புறம் மேலேறும் அலகு குறைவாகக் கவ்வுகிறது. நான்காவதைப் பம்பரம் விட்டவர்கள் எளிதில் ஊகிப்பார்கள். சுழலும் பம்பரத்தை ஒரு பக்கம் சாய்க்க முயன்றால், அது தள்ளிய திசையில் சாயாமல் அதற்குச் செங்குத்தான திசையில் நகரும். வேகம் கூடி விமானத்தின் வால் மேலெழும்போது, புரொப்பெல்லர் என்னும் அந்தப் பெரிய பம்பரத்தின் அச்சு கீழ்நோக்கிச் சாய்க்கப்படுகிறது; மூக்கு இடப்பக்கம் திரும்புகிறது.

சிமுலேட்டரின் நிரலில் ‘புறப்படும்போது இடப்பக்கம் திருப்பு’ என்று எவரும் எழுதி வைக்கவில்லை. இவ்வகைச் சிமுலேட்டர்கள் விமானத்தைச் சிறகு, வால், உடல், புரொப்பெல்லர், சக்கரம் எனப் பகுதிகளாகப் பிரித்துக்கொண்டு, அந்தக் கணத்தில் ஒவ்வொரு பகுதியின் மேலும் காற்று என்ன வேகத்தில், என்ன கோணத்தில் படுகிறது என்று பார்த்து, அதனால் எழும் விசையைத் தனித்தனியே கணக்கிடுகின்றன. பிறகு அவற்றையெல்லாம் கூட்டி, விமானம் முன்னும் பின்னும், மேலும் கீழும், இடமும் வலமும் எவ்வளவு நகரும், மூன்று அச்சுகளிலும் எவ்வளவு சுழலும் என்று கண்டு, நொடியின் ஒரு சிறு பகுதிக்கு மட்டும் விமானத்தை நகர்த்துகின்றன. உடனே அந்தப் புதிய நிலையிலிருந்து மறுபடியும் அதே கணக்கு. திரையில் நாம் பார்க்கும் பறத்தல் இந்த ஓயாத கூட்டலின் விளைவு. ஆகவே இங்கே விமானம் தவறாக நடந்துகொண்டால், சாவிப் பலகையில் இரகசியப் பொத்தான் தேடுவதைவிட எந்த விசை எங்கே எழுந்தது என்று கேட்பதே விரைவான வழி.

அப்படிக் கேட்டால் புல்வெளி விபத்துக்கு விடை கிடைக்கிறது. இடப்பக்க இழுப்பைத் தடுப்பது, வாலிலுள்ள அசையும் தட்டியான ரடர். அதை இயக்குவது விமானியின் கால். ரடர் தரும் விசை, அதன்மேல் படும் காற்றின் வேகத்தினுடைய இருமடிக்கேற்ப வளர்வது. 20 மைல் வேகத்தில் கிடைக்கும் விசையைப்போல் 80 மைல் வேகத்தில் 16 மடங்கு கிடைக்கும். புரொப்பெல்லரின் காற்று வாலில் படுவதால் தொடக்கத்திலேயே ஓரளவு உதவி உண்டு என்றாலும் அது போதாது. திராட்டிலை ஒரே தள்ளாகத் தள்ளியவர், எஞ்சினின் முழு இழுப்பையும் ரடர் வலுவற்றிருக்கும் நேரத்தில் வரவழைத்துவிடுகிறார். மஸ்டாங்கின் எஞ்சின் பலத்தை உள்ளிழுப்புக் குழாயின் அழுத்தமாக, பாதரச அங்குலக் கணக்கில் ஒரு முள் காட்டும். எஞ்சின் நின்றிருக்கும்போது அது சூழ்ந்திருக்கும் காற்றின் அழுத்தமான ஏறத்தாழ 30-ஐக் காட்டும். புறப்படுவதற்கான உச்ச அளவு 61. இந்த முப்பதிலிருந்து அறுபத்தொன்றுக்குப் பல நொடிகள் எடுத்துக்கொண்டு, விமானம் வேகம் பெறப் பெற ஏற்றிச் செல்ல வேண்டும். முன்கூட்டியே, ரடரை ஒரு பக்கம் நிலையாகச் சாய்த்து வைக்கும் ரடர் டிரிம்மை வலப்பக்கம் 5 அல்லது 6 பாகை வைக்க வேண்டும். விமானியின் கையிலுள்ள ஸ்டிக்கைப் பின்னே இழுத்து வைத்திருந்தால் வால்சக்கரம் பூட்டிக்கொண்டு, ரடரோடு சேர்ந்து சில பாகை மட்டுமே திரும்பும். ரடருக்கு வலு வரும்வரை அந்தப் பூட்டுத்தான் விமானத்தை நேராக வைத்திருக்கிறது. புதியவர்களுக்கென்று புறப்பாட்டு உதவி என்றொரு அமைப்பும் சிமுலேட்டரில் உண்டு. முதல் நாளிலேயே அதை அணைத்துவிடுவது நல்லது என்பது என் கருத்து; உங்கள் காலோடு இன்னொரு கால் மிதித்துக்கொண்டிருந்தால் எது யாருடைய பிழை என்று தெரியாமல் போகும்.

மேலே எழும்பிய பிறகு வேறொரு சிக்கல் தொடங்குகிறது. உண்மையான விமானி தன் உடலாலும் பறக்கிறார். விமானம் பக்கவாட்டில் சறுக்கினால் இருக்கையில் அவர் உடல் ஒருபுறம் தள்ளப்படுகிறது. வேகம் கூடினால் ஸ்டிக் கையில் கனக்கிறது, குறைந்தால் தளர்கிறது. வளைவை இறுக்கினால் கன்னமும் இமையும் கனத்துக் கீழே இறங்குகின்றன. மேசைமுன் நாற்காலியில் இருப்பவருக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. ஜாய்ஸ்டிக்கின் சுருள்வில் 100 மைல் வேகத்திலும் 400 மைல் வேகத்திலும் ஒரே இறுக்கத்துடன்தான் எதிர்க்கிறது. போதாததற்கு, விமானத்தின் தரையிலிருந்து எழும் நீண்ட ஸ்டிக்கின் வேலையைச் சாணளவுக் குச்சி செய்வதால், விரலசைவுகூடப் பெரிய திருப்பமாகிவிடுகிறது. நடுப்பகுதியில் மெதுவாகவும் ஓரங்களில் விரைவாகவும் வினையாற்றும்படி ஜாய்ஸ்டிக்கின் வளைகோட்டை மாற்றி அமைப்பது இதற்காகத்தான்.

உடல் சொல்வதைக் கண்ணும் காதும் சொல்லும்படி செய்வதே இங்குக் கற்க வேண்டிய கலை. கருவிப் பலகையில், சற்றே வளைந்த கண்ணாடிக் குழாயில் திரவத்துக்குள் உருளும் சிறு பந்து ஒன்று இருக்கும். விமானம் சறுக்காமல் பறந்தால் பந்து நடுவில் நிற்கும். சறுக்கினால் ஒரு பக்கம் ஒதுங்கும். பந்து எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கக் காலை அழுத்தினால் அது நடுவுக்கு வரும். மஸ்டாங்கில் திராட்டிலைத் தொட்டாலும், வேகம் மாறினாலும், மூக்கை உயர்த்தினாலும் பந்து நகரும்; ஒவ்வொரு முறையும் காலும் டிரிம்மும் அதைத் தொடர வேண்டும். முதல் வாரம் முழுவதும் ஒரே உயரத்தில், ஒரே வேகத்தில், பந்தை நடுவில் வைத்துக்கொண்டு நேராகப் பறப்பதை மட்டுமே பழகினாலும் அது வீணான வாரமாகாது. டிஎஃப்-51டி-யில் துப்பாக்கி இல்லாதது குறை என்று பலர் எண்ணுகிறார்கள். புதியவருக்கு அது பெரிய வசதி.

உடலின் உணர்வு எப்போதும் மெய்யையே சொல்லும் என்றும் நம்பிவிடக் கூடாது. மேகத்துக்குள் நுழைந்து அடிவானம் மறைந்ததும் அது விமானியை ஏமாற்றத் தொடங்குகிறது. நம் உட்காதின் அரைவட்டக் குழல்களில் உள்ள திரவம் சுழற்சி தொடங்குவதையும் நிற்பதையும்தான் உணர்த்தும். ஒரே சீராகத் தொடரும் வளைவில் சிறிது நேரத்துக்குப் பிறகு திரவமும் குழலோடு சேர்ந்து சுழல்வதால், நேராகப் பறப்பதாகவே தோன்றும். அப்படித் தோன்றும் வேளையில் விமானி, சாய்ந்து சுழன்றபடியே தரையை நோக்கி இறங்கிக்கொண்டிருப்பார். விமானச் சிமுலேட்டர் பயிற்சிக் கருவியாக நிலைபெற்றதற்கே இந்த ஏமாற்றம்தான் காரணம். நியூயார்க் மாநிலம் பிங்ஹாம்டனில் பியானோவும் ஆர்கனும் செய்யும் குடும்பத் தொழிலில் வளர்ந்த எட்வின் லிங்க், ஆர்கனில் காற்றடைக்கும் துருத்திகளைக் கொண்டே, சாய்ந்து திரும்பும் சிறு விமானக் கூடு ஒன்றை 1929-இல் உருவாக்கினார். விமானப் பள்ளிகள் அதைப் பெரிதாக மதிக்கவில்லை; கேளிக்கைப் பூங்காக்கள்தாம் காசு போட்டு ஆடும் விளையாட்டாக வாங்கிக்கொண்டன. 1934-இல் அமெரிக்க அஞ்சலைச் சுமக்கும் பொறுப்பு இராணுவ விமானப் படையிடம் வந்தது. கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கப் போதிய பயிற்சி இல்லாத விமானிகள் குளிர்கால மேகங்களிலும் இரவிலும் அடுத்தடுத்து விழுந்து இறந்தார்கள். அதன் பிறகே இராணுவம் லிங்கின் கருவிகள் ஆறினை வாங்கியது. வெளியே எதுவும் தெரியாதபடி மூடிய அந்தக் கூட்டுக்குள், உடல் சொல்வதைத் தள்ளிவிட்டு முள் சொல்வதை நம்பப் பழக்கினார்கள். உண்மையான விமானிக்குப் பாடுபட்டுக் கற்பிக்க வேண்டியிருந்த அந்த அவநம்பிக்கை, நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருப்பவருக்குத் தானாகவே வாய்த்துவிடுகிறது. மேகத்துக்குள் அவரை ஏமாற்ற உடலில் எந்த அசைவும் இல்லை. அதனால்தான் கருவிப் பறப்பில் சிமுலேட்டர்ப் பயிற்சி நன்றாகப் பயன்படுகிறது. கைத்திறனும் கனமும் வேண்டும் இடங்களில் அவ்வளவாகப் பயன்படுவதில்லை.

வளைவுக்கு வருவோம். சிறகு காற்றைச் சந்திக்கும் தாக்குகோணம் ஓர் எல்லையைத் தாண்டினால், மேற்பரப்பைத் தழுவி ஓடும் காற்று பிய்ந்துபோய்த் தூக்குவிசை சரிகிறது. இதுவே ஸ்டால். எஞ்சின் நிற்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. வேகம் குறைந்தால்தான் ஸ்டால் வரும் என்று புதியவர் நினைக்கிறார். எந்த வேகத்திலும் ஸ்டிக்கை அளவுக்கு மீறி இழுத்தால் வரும். உயரம் இழக்காமல் 60 பாகை சாய்ந்து வளையும் விமானம், தன் எடையைப்போல் இருமடங்கு தூக்குவிசையை உண்டாக்க வேண்டும். தூக்குவிசை வேகத்தின் இருமடிக்கேற்ப வளர்வதால், ஸ்டால் வேகம் இரண்டின் வர்க்கமூலமான 1.41 மடங்கு உயர்கிறது. நேராகப் பறக்கும்போது 100 மைலில் ஸ்டால் ஆகும் விமானம் அந்த வளைவில் 141 மைலிலேயே ஸ்டால் ஆகிவிடும். எடையைப்போல் நான்கு மடங்கு இழுத்தால் 200 மைலில். எதிரியின் வாலைப் பிடித்துவிடும் ஆசையில் ஸ்டிக்கை வயிறுவரை இழுப்பவரின் விமானம், ஒரு சிறகு முந்திக்கொண்டு ஸ்டால் ஆகி, தலைகீழாகப் புரள்வது இதனால்தான். அதற்குச் சற்று முன் காட்சி அதிரும், காற்றின் ஒலி மாறும். இறுக்கம் கூடினால் திரையின் ஓரங்கள் இருளும். மூளைக்கு இரத்தம் ஏறாமல் விமானியின் பார்வை மங்குவதைச் சிமுலேட்டர் அப்படித்தான் காட்டுகிறது. ஹெட்போன் அணிந்து பறப்பது இவ்விடத்தில் ஆடம்பரமாகாது.

ஆகாயச் சண்டையில் உயரமும் வேகமும் ஒரே கைம்முதலின் இரு வடிவங்கள். 300 மைல் வேகத்திலிருந்து 200 மைலாகும்வரை மூக்கை உயர்த்தி ஏறினால், காற்றுத்தடையையும் எஞ்சினின் உந்துதலையும் கணக்கில் எடுக்காமல் பார்க்கும்போது, ஏறத்தாழ 500 மீட்டர் உயரம் கிடைக்கும். இறங்கினால் அந்த வேகம் திரும்பக் கிடைக்கும். இறுக்கமான வளைவில் மட்டும் கைம்முதல் காற்றுத்தடையில் கரைந்துபோகும், திரும்ப வராது. அமெரிக்க விமானப் படையின் ஜான் பாய்டும் கணிதவல்லுநர் தாமஸ் கிறிஸ்டியும் 1960-களில் இந்தக் கணக்கை ஒரு முழுமையான கோட்பாடாக ஆக்கினார்கள். துப்பாக்கியை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மஸ்டாங்கின் அரை அங்குலத் துப்பாக்கிக் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 880 மீட்டர் வேகத்தில் புறப்பட்டாலும், 300 மீட்டர் தொலைவைக் கடப்பதற்குள், குறுக்கே பறக்கும் எதிரி விமானம் தன் நீளத்தைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு தொலைவு நகர்ந்துவிடும். வெறும் வானத்தைச் சுடத் தெரிந்திருக்க வேண்டும் என்று இதைச் சொல்லலாம்.

தரையிறங்குவதில்தான் முதலில் கற்ற எல்லாமும் மறுபடி வந்து சேருகின்றன. வால்சக்கர விமானத்தின் எடைமையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. விமானம் சற்றே கோணலாகத் தரையைத் தொட்டால், பின்னாலிருக்கும் எடை முன்னால் வரத் துடித்து, கோணலை மேலும் பெரிதாக்கும். ஆகவே பந்து நடுவிலும் மூக்கு ஓடுபாதையின் போக்கிலும் இருக்கும்படி தொட வேண்டும். புதியவர் பெரும்பாலும் சற்று வேகமாக வந்து, தரையில் மோதித் துள்ளி, வேகமிழந்து, ஓடுபாதைக்குச் சில மீட்டர் மேலே மிதப்பார். அந்நேரம் அச்சத்தில் கை தானாகவே திராட்டிலை முழுவதும் முன்னே தள்ளும். ரடரும், விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் சிறகின் முனைத் தட்டிகளும் ஏறக்குறைய வலுவிழந்திருக்க, எஞ்சின் முழுப் பலத்துடன் முறுக்கும். புறப்படும்போது இடச் சக்கரத்தின் வழியே தரை தாங்கிக்கொண்ட அதே முறுக்குவிசையைத் தாங்க இப்போது அடியில் எதுவும் இல்லை. விமானம் இடப்பக்கமாகப் புரண்டு, முதுகு கீழாக விழும். துள்ளிய விமானத்தை மீட்க, முதலில் ஸ்டிக்கை ஒரே நிலையில் பிடித்து, வலக் காலை அழுத்தி, அழுத்த முள் முப்பதிலிருந்து நாற்பதுக்கு என்று நகரும்படி திராட்டிலை மெல்ல ஏற்ற வேண்டும்.