குயில்ட்: மெத்தையும் இல்லை, ஒட்டுப்போர்வையும் இல்லை

சென்ற மாதம் ஒரு திரையிடலுக்குப் போயிருந்தேன். 1995இல் வந்த அமெரிக்கப் படம், ‘ஹவ் டு மேக் ஆன் அமெரிக்கன் குயில்ட்’. வாசலில் ஒரு தாளை நீட்டினார்கள். முதல் வரியே ‘மெத்தை தைக்கும் பாட்டிகளின் காதல் கதைகள்’. சரி, போகட்டும் என்று அடுத்த பத்திக்கு வந்தால், அந்தப் பாட்டிகள் ‘மெத்தைத் தேனீக்கள்’ ஆகியிருந்தார்கள். படம் ஓடும்போது சப்டைட்டிலில் வேறு கூத்து. ஒரு காட்சியில் மெத்தை, அடுத்த காட்சியில் கம்பளி, அப்புறம் ஒட்டுப்போர்வை. ஒரே துணி மூன்று பிறவி எடுத்தது.

குயில்டை மெத்தை என்று எழுதுவதைப் பல வருடங்களாகப் பார்த்துப் பொறுத்துவந்தவன் நான். தேனீ வந்த பிறகு பொறுமை போய்விட்டது.

முதலில் பொருள். குயில்ட் என்றால் மூன்று அடுக்கு. மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவில் மெல்லிய பஞ்சுப் படலம். மூன்றையும் ஊடுருவி, பரப்பு முழுக்க நெருக்கமாக ஓட்டுத் தையல் போட்டுச் சேர்த்தால் குயில்ட். அந்தத் தையல் அழகுக்கு மட்டும் இல்லை. அது இல்லாவிட்டால் இரண்டு முறை துவைப்பதற்குள் பஞ்சு ஒரு மூலையில் போய்ச் சுருண்டுகொள்ளும். சொல்லின் ஊர் லத்தீன். ‘குல்கிதா’ என்றால் பஞ்சு அடைத்த பை, மெத்தை, திண்டு. அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. சொற்பிறப்பு அவ்வளவுதான்.

“பார்த்தீர்களா, மூலச்சொல்லே மெத்தைதானே” என்று மெத்தைக் கட்சிக்காரர் இங்கே குதிப்பார். எள்ளின் நெய் எண்ணெய். தேங்காய் எண்ணெயில் எள்ளைத் தேடுகிறோமா? சொல் பிறந்த வீட்டிலேயே தங்குவதில்லை. மெத்தை கீழே கிடப்பது, குயில்ட் மேலே போர்த்துவது. படத்தின் கடைசியில் கதாநாயகி ஃபின் அந்தக் குயில்டைத் தோளில் சுற்றிக்கொண்டு வெளியே நடக்கிறாள். சப்டைட்டில்காரர் கணக்குப்படி அவள் இலவம்பஞ்சு மெத்தையைச் சுமந்துகொண்டு போகிறாள்.

அப்படியே எழுதிவிடலாம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆங்கில உச்சரிப்புக்கு ஓரளவு கிட்டத்தில் எழுதினால் குயில்ட், உள்ளே ஒரு குயில் உட்கார்ந்திருக்கிறது. கடைக்காரர் சொல்வதுபோல் எழுதினால் கில்ட். அதற்கு ஏற்கெனவே கில்ட் நகை என்று வேறு வேலை இருக்கிறது. ரஜாய் என்பார்கள் சிலர். வடக்கில் குளிருக்குப் போர்த்தும் பஞ்சு ரஜாய் நல்ல சாமான், உறவும் நெருக்கம்தான். ஆனால் தமிழில் சொல்கிறேன் என்று தொடங்கி இந்தியில் முடிப்பானேன்?

மெத்தையை விடுங்கள், அதை மடக்குவது எளிது. என் உண்மையான சண்டை ஒட்டுப்போர்வையோடு. படித்தவர்கள், மொழியில் அக்கறை உள்ளவர்கள் பிடித்துக்கொண்டிருக்கும் சொல் அது. கேட்கவும் அழகாக இருக்கிறது. அதனால்தான் ஆபத்து.

வண்ணத் துண்டுகளைச் சேர்த்துத் தைப்பதற்கு அமெரிக்காவில் வேறு பெயர் உண்டு, பேட்ச்வொர்க். அதை ஒட்டுவேலை என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் குயில்டுக்கு அது கட்டாயம் இல்லை. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிசிலியில் தைத்த ஒரு குயில்ட் இருக்கிறது. டிரிஸ்டன் கதையின் காட்சிகளை லினன் துணியில் தையலாலேயே வரைந்து, உருவங்கள் புடைத்து நிற்கும்படி உள்ளே பஞ்சு திணித்திருக்கிறார்கள். ஐரோப்பாவின் பெரிய காதல் கதைகளில் ஒன்று ஒரு போர்வையின் மேல் இருக்கிறது, அதில் வண்ண ஒட்டு ஒன்றுகூடக் கிடையாது. இதை ஒட்டுப்போர்வை என்று எந்த வாயால் சொல்வது?

அடுத்தது, ஒட்டு என்ற சொல்லின் வாசனை. ஒட்டுப்போட்ட பாவாடை என்றால் நம் மனதில் என்ன வருகிறது? கிழிசல். ஓட்டை இருந்தது, அதை மறைத்தோம். குயில்டின் துண்டு எதையும் மறைக்க வரவில்லை. கல்யாணப் புடவையில் ஒரு சாண், செத்துப்போன தம்பியின் சட்டையில் ஒரு சாண் என்று பார்த்துப் பார்த்து வெட்டிவைத்த துண்டு அது. எய்ட்ஸில் இறந்தவர்களுக்காக 1987 அக்டோபரில் வாஷிங்டன் திடலில் ஒரு குயில்டை விரித்தார்கள். மூன்றடிக்கு ஆறடி, ஏறக்குறைய ஒரு சவக்குழி அளவு, ஆளுக்கொரு துண்டு. 1,920 துண்டுகள். அதைப்போய் ‘எய்ட்ஸ் ஒட்டுப்போர்வை’ என்று எழுதிப் பாருங்கள். பேனா கூசும்.

இன்னொன்று, எனக்கு முக்கியமானது. அந்தக் காலத்து அமெரிக்கப் பெண்கள் மேல்துணியைப் பெரும்பாலும் அவரவர் வீட்டில் தனியாக உட்கார்ந்துதான் சேர்த்தார்கள். கூடியது எதற்கு? மூன்று அடுக்கையும் ஒரு மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, நாலு பக்கமும் உட்கார்ந்து தைத்து முடிக்க. படத்திலும் பெண்கள் கூடுவது சட்டத்தைச் சுற்றித்தான். ஃபினுக்கு 26 வயது. ஆய்வேட்டை எழுதி முடிக்கவும், கல்யாணத்துக்குச் சம்மதித்தது சரிதானா என்று யோசிக்கவும் பாட்டி வீட்டுக்கு வருகிறாள். பெண்கள் அவளுக்குக் கல்யாணக் குயில்ட் தைக்கிறார்கள். ‘காதல் குடியிருக்கும் இடம்’ என்பது அதன் கரு. ஆளுக்கொரு சதுரம், ஆளுக்கொரு கதை. இத்தனை கதையும் ஒன்றுசேர்வது எதிரெதிரே குனிந்து, ஒரே துணியில் ஊசி குத்திக்கொண்டிருக்கும்போது. பெயர் வைப்பதென்றால் அந்தச் செயலுக்கல்லவா வைக்க வேண்டும்? ஒட்டு என்றால் துண்டு தெரிகிறது, சட்டத்தைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் காணாமல் போகிறார்கள்.

படத்தில் உண்மையான ஒட்டுவேலை ஒன்று உண்டு. பாட்டியின் கூடப்பிறந்தவள் கிளாடி ஜோ. தன் கணவனும் பாட்டியும் செய்த காரியம் தெரிந்ததும் வீட்டுப் பீங்கான்களையெல்லாம் உடைத்து, துண்டுகளைச் சுவரில் பதித்துவிடுகிறாள். ஒட்டுக் கட்சியினர் அந்தச் சுவரை எடுத்துக்கொள்ளட்டும்.

கந்தை என்று ஒரு நண்பர் சொன்னார். வங்காளத்தில் பழஞ்சேலைகளை அடுக்கித் தைக்கும் காந்தாவும் நம் கந்தையும் ஒரே சமஸ்கிருத வேரில் வந்தவை என்பது அவர் வாதம். உண்மைதான். ஆனால் ‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்று கேட்டு வளர்ந்த ஊரில் கல்யாணப் பரிசாகக் கந்தை கொடுக்க முடியுமா?

நம்மிடம் இந்தச் சாமானே இல்லையா என்றால், இருந்தது, பெயர்தான் இல்லை. எங்கள் அப்பத்தா, வீட்டில் பிள்ளை பிறக்கப்போகிறது என்றால் நைந்த நூல்சேலை மூன்றை எடுப்பார். கரையைக் கிழித்துத் தனியே சுருட்டிவைப்பார், அது கொடி கட்ட. சேலைகளை நாலாக மடித்துத் திண்ணையில் விரித்து, நாலு மூலையிலும் அம்மிக்குழவி, உழக்கு, படி என்று பாரம் வைப்பார். அப்புறம் கோணி ஊசிக்கு ஒரு தம்பி போன்ற ஊசியால் விரற்கடைக்கு ஒரு வரி ஓட்டுவார். எதிரே பெரியம்மா மறுமுனையிலிருந்து ஓட்டிக்கொண்டு வருவார். நடுவில் இருவர் கையும் சந்திப்பதற்குள் தெருவில் நாலு குடும்பத்தின் கதை முடிந்திருக்கும். அதற்குப் பெயர் கேட்டால் “பிள்ளைக்கு விரிக்கிற துணி” என்பார். தெற்கே பனி கொட்டவில்லை, பஞ்சு வைக்கத் தேவை வரவில்லை, கடைக்கு விற்பனைக்கும் போகவில்லை. பெயர் எப்படி வரும்?

பெயர் இல்லை, ஆனால் அப்பத்தா கை செய்த வேலைக்குப் பழைய வினைச்சொல் இருக்கிறது. துன்னுதல். நெருங்குதல், பொருந்துதல், தைத்தல் மூன்றும் அதன் பொருள். பொருநராற்றுப்படையில் பொருநன் கட்டியிருந்த துணி ‘வேற்றிழை நுழைந்த துன்னற் சிதாஅர்’. வேறு நூல் உள்ளே ஓடித் தைத்த கிழிசல். அதில் ஈரும் பேனும் குடியிருந்தன. கரிகாலன் அதைக் களையவைத்து, பாம்புச்சட்டை போன்ற மெல்லிய துணி கொடுத்தான். கந்தையை வறுமை என்று தள்ளிவிட்டு இதை எடுக்கலாமா என்று கேட்பீர்கள். வறுமை சிதாஅரில் இருக்கிறது, துன்னலில் இல்லை. சிலப்பதிகாரத்துப் புகாரில் துன்னகாரர், அதாவது தையற்காரர், பொற்கொல்லருக்குப் பக்கத்திலேயே கடை போட்டிருக்கிறார்கள்.

அதே வினையில் பிறந்த இன்னொரு சொல் துன்னியார், நெருங்கியவர். ‘துன்னியார் குற்றமும் தூற்றும் மரபினார்’ என்கிறது 188ஆம் குறள். நெருங்கியவரின் குறையைப் பரப்புவோரைக் கண்டிக்கிறது. படத்துப் பெண்கள் அந்தக் குறளைப் படித்திருந்தால் படமே கிடையாது. சட்டத்தைச் சுற்றி இருப்பவர்கள் துன்னியார், செய்வது துன்னல், ஆவது துன்னப்போர்வை. மூன்றுக்கும் ஒரே வேர் இவ்வளவு வசதியாகக் கிடைக்கும்போது ஒட்டு எதற்கு?

தையற்போர்வை என்றால் எல்லோருக்கும் புரியுமே என்று ஒரு யோசனை. தையல் என்றால் பெண்ணும்தானே, சிலேடையும் கிடைக்கும் என்பார்கள். ‘தையல் சொல் கேளேல்’ என்ற ஔவையையும் ‘தையலை உயர்வு செய்’ என்ற பாரதியையும் இழுத்து ஒரு கட்டுரையே எழுதலாம். ஆனால் ஓரம் அடித்த போர்வையும் தையற்போர்வைதான். பரப்பு முழுக்க நெருங்கி ஓடும் தையல் என்பதைத் துன்னல்தான் சொல்கிறது.

தேனீ பாக்கி. பெண்கள் கூடிக் குயில்ட் தைப்பதை ஆங்கிலத்தில் குயில்டிங் பீ என்பார்கள். அதில் உள்ள பீ, தேனீ என்ற பூச்சி இல்லை என்றே இன்றைய அகராதிகள் சாய்கின்றன. அக்கம்பக்கத்தார் கூடி ஒருவருக்குச் செய்துகொடுக்கும் உதவிக்கு இங்கிலாந்தின் வட்டார வழக்கில் இருந்த பழைய சொல்லின் தேய்வாக இருக்கலாம் என்கிறார்கள். துன்னற்கூட்டம் என்று எழுதுங்கள். பிள்ளைகளின் எழுத்துக்கூட்டல் போட்டியான ஸ்பெல்லிங் பீயையும் ‘எழுத்துத் தேனீ’ என்று எழுதுகிறார்கள், எந்தப் பூவில் எதை உறிஞ்சுமோ தெரியாது. கதை என்ன, யார் எங்கே உட்கார்ந்து என்ன செய்கிறார்கள் என்று பாராமல், வரும் சொல்லை வந்த வேகத்தில் தட்டிவிடும் மொழிபெயர்ப்பில் இதுதான் நடக்கும். ஒரு தடவை படத்தை நிறுத்தி அந்தத் துணியைப் பார்த்திருந்தால் போதும்.

திரையிடல் நடத்தியவருக்கு இதையெல்லாம் நீளமாக எழுதி அனுப்பினேன். நல்ல மனிதர். “துன்னல்னா யாருக்குங்க தெரியும்?” என்று கேட்டாலும், மறுதிரையிடலுக்கு மாற்றிவிடுவதாகச் சொன்னார். மாற்றியும் இருந்தார். புதுத் தாளை வாசலிலேயே பிரித்துப் பார்த்தேன். அச்சகத்தில் யாரோ அக்கறையோடு பிழை திருத்தியிருக்கிறார்கள். தலைப்பிலும் உள்ளே நாலு இடத்திலும், கொட்டை எழுத்தில், ‘துன்பப்போர்வை’.