பணியில் இருக்கும்போது கண்ணோ காலோ போனால் வேலையும் போய்விடுமா? உள்ளாட்சி ஊழியர்களுக்குப் பிரிவு 20(4)

ஒரு நகராட்சி. பெயர் வேண்டாம். அங்கே பில் கலெக்டராக இருந்தவருக்கு 2021 இரண்டாம் அலையில் கொரோனா வந்தது. பின்னாலேயே கருப்புப் பூஞ்சை. உயிரைக் காப்பாற்ற வலது கண்ணை எடுத்துவிட்டார்கள். விடுப்பு முடிந்து வேலையில் சேரப் போனவரிடம் மேலாளர் சொன்னது: "ஒத்தக் கண்ண வச்சுக்கிட்டு வண்டியில எப்படி வார்டு சுத்துவீங்க? ஃபிட்னஸ் இல்லாம சேர்த்துக்க முடியாது."

சரி, மாற்றுத்திறனாளி சான்றாவது வாங்குவோம் என்று அரசு மருத்துவமனைக்குப் போனார். அங்கே சொன்னது: "இன்னொரு கண்ணு நல்லாத் தெரியுதே. முப்பது சதவீதம்தான் வரும். நாற்பது இருந்தாத்தான் சலுகை."

ஒரு மேசையில் வேலைக்கு லாயக்கில்லை. இன்னொரு மேசையில் ஊனமே போதாது. இரண்டுக்கும் நடுவே பதினோரு மாதம் சம்பளம் இல்லாமல் அலைந்தார். என்னிடம் வந்தபோது கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை. உள்ளே அவர் கொடுத்த மனுக்களின் நகல்கள், பதினாறு. ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். ஒன்றில்கூட அலுவலக முத்திரை இல்லை.

அவரைப் போன்றவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். 2020 மே 18 முதல் பாதி ஊழியர்களோடும், செப்டம்பர் 1 முதல் முழு ஊழியர்களோடும் தமிழ்நாட்டு அரசு அலுவலகங்கள் இயங்கத் தொடங்கின. யார் எந்த நாள் வருவது, கிருமிநாசினியை எங்கே வைப்பது என்பதற்கெல்லாம் சுற்றறிக்கை வந்தது. நோயில் உடம்பின் ஒரு பகுதியை இழந்துவிட்டுத் திரும்பி வருகிறவரை எப்படிச் சேர்த்துக்கொள்வது என்பதற்கோ 2017-லிருந்தே சட்டம் அமலில் இருக்கிறது. அதைப் படிக்கத்தான் ஆளில்லை.

சட்டம் சொல்வது இவ்வளவுதான். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 20(4): பணியில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்ட ஊழியரை எந்த அரசு நிறுவனமும் வேலையை விட்டு நீக்கக் கூடாது, பதவியில் இறக்கவும் கூடாது. பழைய வேலையைச் செய்ய முடியாவிட்டால் அதே சம்பள விகிதத்தில், அதே பணிப் பலன்களோடு வேறு வேலை தர வேண்டும். அப்படி ஒரு இடமே இல்லையென்றால், அவருக்காக எண்ணிக்கைக்கு மேற்பட்ட ஒரு பணியிடத்தை உருவாக்கி, பொருத்தமான இடம் வரும்வரை அல்லது ஓய்வு வயதுவரை அதில் வைத்துக்கொள்ளலாம். அலுவலக மொழியில் இது சூப்பர்நியூமரரி பணியிடம். இந்தச் சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். "வேகன்சி இல்லை" என்ற பதிலுக்கு மறுபதில் இதுதான்.

"இதெல்லாம் கவர்ன்மென்ட் ஸ்டாஃபுக்கு, நாம லோக்கல் பாடி" என்று ஒருவர் சொல்வார். சட்டத்தின் பிரிவு 2 அரசு நிறுவனம் என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே உள்ளாட்சி அமைப்பு இருக்கிறது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி எல்லாம் அதில் அடங்கும்.

இனி, ஆட்கள் விழுகிற குழிகள்.

முதல் குழி விருப்ப ஓய்வு. "நீங்களே எழுதிக் கொடுத்துடுங்க, பென்ஷன் வந்துடும், பையனுக்கு வாரிசு வேலையும் பார்த்துக்கலாம்" என்று அன்பாகத்தான் சொல்வார்கள். டீ கூட வாங்கித் தருவார்கள். கையெழுத்துப் போடாதீர்கள். அந்த வாரிசு வேலை, அதாவது கருணை அடிப்படை வேலை என்பது பணியில் இருக்கும்போது இறந்தவர்களின் குடும்பத்துக்கும் மருத்துவக் காரணத்தால் ஓய்வு பெற்றவர்களின் குடும்பத்துக்கும் உள்ளது. விருப்ப ஓய்வில் போனவர் பிள்ளைக்கு அது கிடையாது. "அப்படீன்னா மெடிக்கல் இன்வாலிடேஷனுக்கு எழுதுங்க" என்பார்கள் அடுத்து. அது மருத்துவ ஓய்வு. அதற்கும் அவசரப்படாதீர்கள். கருணை வேலை வரிசை எவ்வளவு நீளம் என்று அதில் காத்திருக்கும் யாரையாவது கேளுங்கள். கையில் இருக்கும் உங்கள் சம்பளத்தை விட்டுவிட்டு அந்த வரிசையில் பிள்ளையை நிறுத்துவதா என்று வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள், அலுவலக மேசையில் வேண்டாம்.

ஏற்கெனவே மருத்துவ ஓய்வில் அனுப்பப்பட்டவர்களும் கதை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். 2003-இல் குணால் சிங் வழக்கில், காலை இழந்த ஒரு காவலரை இயலாமை ஓய்வூதியம் கொடுத்து அனுப்பியது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஓய்வூதியம் வாங்கிவிட்டார் என்பதற்காக உரிமை போய்விடாது என்றது. அது பழைய 1995 சட்டத்தின் பிரிவு 47-இன் கீழ் வந்த தீர்ப்பு. இன்றைய 20(4) அந்தப் பிரிவின் வழியில் வந்ததுதான்.

இரண்டாவது குழி அந்த நாற்பது சதவீதம். அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். வேலைவாய்ப்பில் 4 சதவீத இட ஒதுக்கீடு பிரிவு 34-இல் வருகிறது. அதற்குத்தான் 40 சதவீத ஊனம் வேண்டும். 20(4)-ஐ வாசித்துப் பாருங்கள், அதில் சதவீதமே கிடையாது. ஒரு கண் போனவருக்கு 30 சதவீதம் என்று மருத்துவமனை கொடுத்தால் அதை வாங்கி பத்திரமாக வையுங்கள். 40-க்குக் கீழே இருப்பவர்களுக்கும் இப்போது வெள்ளை நிறத்தில் யூடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை உண்டு. "நாற்பது இல்லை, போங்கள்" என்று வாயால் சொல்லித் திருப்பி அனுப்பினால், "எத்தனை சதவீதமோ அதை எழுதிக் கொடுங்கள் டாக்டர்" என்று கேட்டு வாங்காமல் நகராதீர்கள்.

2025-இல் தெலங்கானா சாலைப் போக்குவரத்துக் கழக ஓட்டுநர் ஒருவர் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பணியில் இருக்கும்போது நிறக்குருடு என்று கண்டுபிடித்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் அவர். மாற்று வேலை கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். மனுவில் இந்த வழக்கை ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, தகுதிச் சான்று. விடுப்பு முடிந்ததும் மருத்துவர் "இலகுவான வேலை செய்யலாம்" என்று எழுதித் தருவார். அலுவலகத்தில் "லைட் டியூட்டின்னு எங்க ரூல்ல ஒண்ணும் இல்ல, முழு ஃபிட்னஸ் கொண்டாங்க" என்பார்கள். நீங்கள் முழுத் தகுதிச் சான்றுக்காக மருத்துவமனை படியேறிக்கொண்டிருக்கும் போது, இந்தப் பக்கம் வருகைப் பதிவேட்டில் அனுமதியின்றிப் பணிக்கு வராதவர் என்று விழுந்துகொண்டிருக்கும். ஆறு மாதம் கழித்து மெமோ வரும். அந்த பில் கலெக்டருக்கும் வந்தது.

அதனால் விடுப்பு முடிந்த மறுநாள் காலை பத்து மணிக்கு அலுவலகத்தில் இருங்கள். கையில் பணியேற்புக் கடிதம். அதில் மூன்று விஷயம் போதும்: இன்று பணியில் சேர வந்துள்ளேன், எனக்கு ஏற்பட்ட குறைபாடு இது (சான்று இணைத்துள்ளேன்), பழைய பணி இயலாதென்றால் பிரிவு 20(4)-இன்படி அதே ஊதியத்தில் மாற்றுப் பணியோ சூப்பர்நியூமரரி பணியிடமோ தர வேண்டும். அறிக்கை மாதிரி நாலு பக்கம் எழுதாதீர்கள், யாரும் படிக்க மாட்டார்கள். வீட்டுக் கஷ்டமும் எழுத வேண்டாம். கருணை காட்டச் சொல்லிக் கேட்டால் கருணை மனுவாகவே பைலில் போய் உட்காரும்.

அந்தக் கடிதத்தை மேலாளர் கையில் கொடுக்காதீர்கள். தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால் சண்டை வேண்டாம். நேராகத் தபால் நிலையம் போய் ஆணையர் பெயருக்கு, பேரூராட்சி என்றால் செயல் அலுவலர் பெயருக்கு, பட்டுவாடா ஒப்புகை கேட்டு ஸ்பீட் போஸ்ட் போடுங்கள். ரசீதை நகலோடு பின் அடித்து வையுங்கள். பின்னால் சம்பள நிலுவை கேட்கும்போது எந்தத் தேதியிலிருந்து என்பதை முடிவு செய்யப்போவது அந்த முத்திரைதான்.

பதில் வராவிட்டால்? வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிரிவு 23-இன்படி ஒவ்வொரு அரசு நிறுவனத்திலும் குறைதீர்ப்பு அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். புகாரைப் பதிவேட்டில் ஏற்றி இரண்டு வாரத்தில் விசாரிக்க வேண்டும். உங்கள் அலுவலகத்தில் அது யார் என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். பரவாயில்லை, "குறைதீர்ப்பு அலுவலர், பிரிவு 23" என்று விலாசமிட்டே கொடுங்கள். கூடவே 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனுவில் அந்த அலுவலரின் பெயரைக் கேளுங்கள். 30 நாளில் "அப்படி யாரும் நியமிக்கப்படவில்லை" என்று எழுத்தில் வந்தால் அது உங்களுக்கு நல்ல ஆயுதம்.

அப்புறம் சென்னையில் உள்ள மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர். சாட்சியை வரவழைக்க, ஆவணம் கேட்க, சிவில் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. பரிந்துரை அனுப்பினால் மூன்று மாதத்தில் அலுவலகம் நடவடிக்கை எடுக்க வேண்டும், முடியாதென்றால் காரணம் சொல்ல வேண்டும். மனுவோடு முத்திரை உள்ள நகல்களை மட்டும் இணையுங்கள். அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள், "நாளைக்குத் தர்றேன்" என்று எவ்வளவு கேட்டாலும் சரி.

ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களிடம் இதைச் சொல்லும்போது மனசு கஷ்டப்படுகிறது. நகரத்தின் குப்பையை அவர்கள்தான் அள்ளினார்கள், ஊரடங்கிலும் ஒரு நாள் நிற்கவில்லை. ஆனால் சம்பளம் தருவது ஒப்பந்ததாரர் என்றால், "எங்கள் ஊழியரே இல்லை" என்று மாநகராட்சி கையை விரித்துவிடும். உங்களுக்கு முதல் வழி இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீடு. சம்பளத்தில் பிடித்தம் செய்திருந்தால், பணியினால் ஏற்பட்ட நிரந்தர ஊனத்துக்கு அங்கே மாதாமாதம் பணம் உண்டு. அதற்கு விபத்து நடந்த அன்றே அது பதிவாக வேண்டும். மேஸ்திரி "ஆஸ்பத்திரியில வீட்ல விழுந்தேன்னு சொல்லிடு" என்பார். சொல்லிவிட்டால் அந்த வழி அங்கேயே அடைபட்டுவிடும்.

உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்க 2025 ஏப்ரலில் சட்டப்பேரவை மசோதா நிறைவேற்றியது. நல்ல விஷயம், மனதார வரவேற்கிறேன். அதே கட்டடத்தின் தரைத்தளத்தில், இருபது வருடம் வரி வசூலித்த ஒருவர் சேரலாமா என்று தெரியாமல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கக் கூடாது.

அந்த பில் கலெக்டர் பதினேழாவது மனுவைத் தபால் பிரிவில் கொடுத்தபோது நானும் கூட இருந்தேன். எழுத்தர் முத்திரையை எடுத்தார், மேலாளர் அறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார், பிறகு குத்தினார். இப்போது அந்த பில் கலெக்டர் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார், அதே சம்பளத்தில். முந்தைய பதினோரு மாதச் சம்பளம் இன்னும் வரவில்லை. அந்தப் பதினாறு மனுக்களைக் கொடுத்ததற்குச் சாட்சியம் கேட்கிறார்கள்.